பின்னறை வரை வைஃபை: பழைய ரவுட்டரே போதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் முன்கூடத்தோடு நின்றுவிடும். பின்னால் கூட்டிக் கட்டிய அடுப்படியும் அறையும் செங்கல் சுவருக்கு அப்பால், ஜிங்க் கூரைக்குக் கீழே இருக்கும். எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளை அங்கேதான் படிக்கிறது, வைஃபைதான் எட்டுவதில்லை.

கடையில் ரிப்பீட்டரை, அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டியை, எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் சிக்னலை வாங்கிய அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பின்னறை வரை கேபிள் இழுத்து, அதன் முனையில் ஒரு பழைய ரவுட்டரை வைப்பதுதான் நிலையான வழி.

படி 1: கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் நம்ப முடியாது. மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி இழுங்கள்.

படி 2: பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, கணினியோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். முன்கூடத்து ரவுட்டரோடு இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். உள்ளே நுழையும் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். மெனுவில் அக்சஸ் பாயிண்ட் மோட் (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த படியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 3: இதில்தான் நிதானம் வேண்டும். முன்கூடத்து முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.0.1 என்றால், பழையதற்கு 192.168.0.2 கொடுங்கள். முதன்மை ரவுட்டர் மற்றக் கருவிகளுக்குப் பகிரும் எண்களுக்குள் அது வரக்கூடாது. சேமித்ததும் பக்கம் அறுந்துபோகும், பயப்படாதீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டி, புது முகவரியைத் தட்டி மறுபடி நுழையுங்கள். அப்புறம் பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். கைப்பேசி, கணினி எல்லாவற்றுக்கும் முகவரி கொடுப்பதுதான் டிஎச்சிபியின் வேலை. ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் அதைச் செய்தால் முகவரிகள் மோதும். சில கருவிகள் வைஃபையில் சேர்ந்தும் இணையம் கிடைக்காமல் நிற்கும். ‘பழைய ரவுட்டர் சரிப்படவில்லை’ என்று பலர் ஒதுக்கிவைப்பதற்கு இதுவே காரணம்.

படி 4: வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், நடந்து போகும்போது கைப்பேசி தானே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை மட்டும் வேறாக்குங்கள்: ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 அல்லது 11.

படி 5: முன்கூடத்து ரவுட்டரின் லேன் (LAN) துளையிலிருந்து பழையதன் லேன் துளைக்குக் கேபிளை மாட்டுங்கள். இணையம் உள்ளே வருவதற்கான வேன் (WAN) துளை காலியாகவே இருக்கட்டும். அக்சஸ் பாயிண்ட் மோட் வைத்தவர்கள் அதன் மெனு சொல்லும் துளையில் மாட்டலாம்.

வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் கொட்டகைக்கோ கடைக்கோ இந்தச் செம்புக் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். நம் ஊர் மாலை இடிமின்னல் அதன் வழியே இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் சுட்டுவிடலாம். அந்தத் தூரத்துக்கு, உலோகக் கம்பி சேராத ஃபைபர் கேபிள் போடுங்கள்.