பழைய காரில் கூலன்ட் கசிவு: செலவு செய்யலாமா?

ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால், ஒழுகும் இடத்தை முதலில் பிடிக்க வேண்டும். செலவுக் கணக்கு அப்புறம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் கருவி) மாட்டி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை (பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார்) ஏற்றி 15 நிமிடம் விட்டேன். முள் இறங்கியது, அதாவது எங்கோ கசிகிறது. ரேடியேட்டரின் கீழ்மூலையில் பச்சைப் பொருக்கு, தொட்டால் பிசுபிசுப்பு. ராமேஸ்வரம் அருகே கடலோர மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று ரேடியேட்டரின் அலுமினிய ஃபின்களை (மெல்லிய தகடுகளை) மாவாக உதிர்த்துவிடும்.

ரேடியேட்டர், ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் என்றால் யோசிக்காமல் மாற்றலாம். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. வெளியே ஈரமே இல்லாமல் அளவு குறைந்து, டேங்கில் குமிழி, சைலன்சரில் விடாத வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கட்டாக (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) இருக்கலாம். ஹெட்டைக் கழற்றி லேத்து பட்டறையில் மட்டம் பார்க்கும் செலவையும், வண்டி விலைபோகும் தொகையையும் ஒப்பிட்டுவிட்டே கை வைக்க வேண்டும். கசிவடைக்கும் பவுடர் மட்டும் வேண்டாம். ஹீட்டர் கோரின் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

ரேடியேட்டரோடு இரண்டு ஹோஸ்களையும் மூடியையும் மாற்றினேன். இங்கே போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் புது ரேடியேட்டரும் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் பாதிக்குப் பாதி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து நிரப்பி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஃபேன் சுற்றும்வரை ஐடிலில் ஓட்டிக் காற்றை வெளியேற்றினேன். மறுநாள் காலையில் அளவு சற்று இறங்கியிருக்கும். மேக்ஸிமம் கோடு வரை ஊற்றினால் போதும்.