நெமாட்டிக் திரவப் படிகத்தின் குறைபாடுகளைத் தகவமைவு வலையில் கணிப்பது எப்படி

நெமாட்டிக் திரவப் படிகத்தில் கோல் போன்ற மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசையில் சாய்ந்து நிற்கின்றன. அந்தச் சராசரித் திசையை டைரக்டர் என்கிறோம். டைரக்டர் பல மைக்ரோமீட்டர் தொலைவில் மெல்லத் திரும்பும். ஆனால் குறைபாடு எனப்படும் புள்ளியைச் சுற்றிச் சுமார் 10 நானோமீட்டருக்குள் அந்த ஒழுங்கே குலைந்துவிடும். 5 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை 2 நானோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 62.5 லட்சம் கட்டங்கள் வரும். அதே அளவுக் கனசதுரமானால் 1,562 கோடியைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை மாற்றமே இல்லாத இடத்தில் வீணே கிடக்கும். ஆகவே குறைபாட்டின் அருகில் மட்டும் வலையைப் பொடியாக்கும் தகவமைவு ஃபைனைட் எலிமென்ட் முறையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. பரப்பைக் கூறுகள் எனும் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, அவற்றின் முனைகளான கணுக்களில் விடையைக் கணிக்கும் முறை இது.

பயிற்சிக்கு 2.5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுகள் தளத்துக்குள்ளேயே இருக்கின்றன, விளிம்பில் அவை விளிம்புக்குச் செங்குத்தாக நிற்கின்றன, டைரக்டரை வளைப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் மீள்மை மாறிலி எல்லா வகை வளைவுக்கும் ஒரே மதிப்புடையது என்று கொள்வோம். இந்தக் கணக்கைத் தேர்ந்ததற்குக் காரணம், இதன் விடையைக் காகிதத்திலேயே சரிபார்க்க முடியும் என்பதுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைத் தெரியாத அளவாக வைப்பது என்பது. டைரக்டரின் கோணத்தையே வைக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். டைரக்டருக்குத் தலை வால் வேறுபாடு கிடையாது என்பதால் 1 பாகையும் 179 பாகையும் கிட்டத்தட்ட ஒரே நிலைதான். ஆனால் அடுத்தடுத்த இரு கணுக்களில் இந்த மதிப்புகள் இருந்தால், இடையிலுள்ள கூறு சராசரியாக 90 பாகையைக் காட்டி, இல்லாத ஒரு சுவரை எழுப்பிவிடும். மாறாக, இரட்டிப்புக் கோணத்தின் கொசைனையும் சைனையும் வைத்தால் இரு கணுக்களிலும் கொசைன் 0.9994, சைன் ஒன்றில் +0.035, மற்றதில் −0.035, சராசரி எடுத்தால் கோணம் பூச்சியமாகிறது, அதுவே சரி. இயற்பியலாளர் டி ஜென் அறிமுகப்படுத்திய, திசையையும் ஒழுங்கின் அளவையும் சேர்த்துச் சொல்லும் கியூ டென்சர் இந்தக் கருத்தின் முழு வடிவம். முப்பரிமாணத்தில் அதற்கு 5 தனிக் கூறளவுகள் உண்டு. நம் கணக்குக்கு 2 போதும்.

அடுத்து, நீளங்களையெல்லாம் வட்டத்தின் ஆரத்தால் வகுத்துவிடுங்கள். அப்போது ஆற்றலைச் சிறுமமாக்கும் சமன்பாட்டில் எஞ்சுவது ஒரே எண், அதாவது குறைபாட்டுக் கருவின் (ஒழுங்கு குலைந்த நடுப்பகுதியின்) நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம். இங்கே அது 0.004. அலகுகளோடு அப்படியே கணித்தால் மிகச் சிறிய எண்ணும் மிகப் பெரிய எண்ணும் ஒரே அணிக்குள் மோதித் தீர்வியைத் திணறடிக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் தொடக்க நிலை. பருமனான வலையில் நேரடியாக 0.004 என்ற விகிதத்தை வைத்தால், கரு ஒரு கூறைவிடச் சிறியதாகி, குறைபாடு எங்கே தோன்றியதோ அங்கேயே வலையில் சிக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு பொடியாக்கினாலும் தவறான இடத்தைத்தான் பொடியாக்குவீர்கள். ஆகவே விகிதத்தை 0.1 என்று தொடங்கி, வலை பொடியாகப் பொடியாக 0.05, 0.025 என்று இறக்கிக்கொண்டு வாருங்கள். அதேபோல் முழுச் சமச்சீருள்ள ஆர வடிவத்தை ஊகமாகக் கொடுத்து, ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தி விடையை எட்டும் நியூட்டன் முறையை ஓட்டினால், அது நடுவில் ஒற்றைக் குறைபாடுள்ள, நிலையற்ற விடையில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடும். ஊகத்தைச் சற்றே கலைத்து, ஆற்றல் குறையும் திசையில் சில படிகள் இறக்கிய பின்னரே நியூட்டனிடம் ஒப்படைப்பது நல்லது.

இனிச் சுற்று தொடங்குகிறது: தீர்ப்பது, பிழையை மதிப்பிடுவது, குறியிடுவது, பிளப்பது. ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு அளவுகளைக் கூட்டிப் பிழைக் குறிகாட்டி தயாரிக்கலாம். ஒன்று, விடையைச் சமன்பாட்டில் இட்டால் கூறுக்குள் எஞ்சும் எச்சம். மற்றது, பக்கத்துக் கூறுக்குக் கடக்கும்போது சரிவு தாவும் அளவு. ஒழுங்கின் அளவு எங்கே குறைகிறதோ அங்கே பிளப்பது என்ற குறுக்குவழி மலிவானதுதான். ஆனால் குறைபாடுகளுக்கு இடையே டைரக்டர் வளையும் பகுதியை அது பார்க்கவே பார்க்காது என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. குறிகாட்டிகளை இறங்குவரிசையில் அடுக்கி, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியை எட்டும் வரையுள்ள கூறுகளைக் குறியிடுங்கள். போய்சான் சமன்பாடு எனும் எளிய மாதிரிச் சமன்பாட்டுக்கு இத்தகைய குறியிடல் விடையை நோக்கிக் குவியும் என்று டோர்ஃப்லர் 1996இல் நிறுவினார். 100 நானோமீட்டர் பக்கமுள்ள முக்கோணம் 6 முறை பாதியானால் 1.6 நானோமீட்டருக்கு வந்துவிடும். கருவைப் படம்பிடிக்க அது போதும்.

விளிம்பில் ஒரு கவனம் தேவை. பிளக்கும்போது பிறக்கும் புதிய கணுவை வட்டத்தின் மீது நகர்த்தி, எல்லை மதிப்பையும் அங்கே புதிதாகக் கணித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வட்டம் பலகோணமாகவே நின்றுவிடும். மதிப்பீட்டுக் குறிகாட்டி அதன் மூலைகளைக் குறைபாடு என்று நம்பி அங்கே கூறுகளைக் குவிக்கும்.

சரியாக நடந்தால், நடுவில் இருந்திருக்கக்கூடிய குறைபாடு இரண்டு அரைக் குறைபாடுகளாக (ஒன்றைச் சுற்றி வந்தால் டைரக்டர் அரைச் சுற்று மட்டுமே திரும்பும்) பிரிந்து ஒரே விட்டத்தின் இரு பக்கமும் நிற்கும். கரு மிகச் சிறியதாகும் எல்லையில், மையத்திலிருந்து ஒவ்வொன்றின் தொலைவும் ஆரத்தின் 0.669 மடங்கு, அதாவது 5இன் நான்காம் படிமூலத்தின் தலைகீழ். நம் வட்டத்தில் அது சுமார் 1.67 மைக்ரோமீட்டர். எந்த விட்டம் என்பதை இயற்பியல் தீர்மானிப்பதில்லை, வலைதான் தீர்மானிக்கிறது. எனவே தொடக்க வலையைச் சற்றுச் சுழற்றி மறுபடி ஓட்டி, தொலைவும் ஆற்றலும் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னர் கருவை அப்படியே வைத்து ஆரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், ஓரலகு நீளத்துக்கான ஆற்றல் மீள்மை மாறிலியைப் போல் சுமார் 1.09 மடங்கு கூட வேண்டும்.

இந்த விடையை உருளைக் குழாய்க்கு அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அகலமான குழாயில் டைரக்டர் நடுவில் அச்சின் திசைக்கு எழுந்து குறைபாட்டையே தவிர்த்துவிடும் என்பதைக் கிளாடிஸும் கிளெமானும் 1972இல் காட்டினர். கருவின் உள்ளமைப்பு உங்களுக்கு முக்கியமானால் இரண்டு கூறளவுகள் போதா. அவை கருவின் நடுவில் ஒழுங்கைப் பூச்சியமாக்கிவிடும். ஆனால் அங்கே திரவம் உருகிவிடுவதில்லை, ஒரே அச்சுக்குப் பதில் இரண்டு அச்சுகளில் ஒழுங்குபடும் ஈரச்சு நிலைக்கு மாறுகிறது என்று ஷோபோலும் ஸ்லக்கினும் 1987இல் கணித்துக் காட்டினர். அப்போது 5 கூறளவுகளையும் வைத்து, இதே சுற்றை மீண்டும் ஓட்ட வேண்டும்.