பழைய தங்க தீனாரை எப்படிப் படிக்கிறது

அரபி தெரியலன்னாலும் இத படிக்கலாம், பொறுமை மட்டும் வேணும். போன்ல பிரிட்டிஷ் மியூசியம் சைட்டுக்குப் போய் உமய்யா கலீஃபாங்க (அந்தக் காலத்து முஸ்லிம் பேரரசருங்க) காலத்து தீனார் ஒண்ண பெருசாக்கி வச்சிக்கினு உக்காருங்க, ஹிஜ்ரி, அதாவது முஸ்லிம் காலண்டர், 77க்கு அப்புறம் அடிச்சதா பாத்து எடுங்க. காசு 4.25 கிராம்தான், அரைப் பவுனுக்கு கொஞ்சம் மேல.

ராஜா தலைய தேடாதீங்க, இருக்காது. அதுக்கு முன்னாடி பைசாண்டிய (கிழக்கு ரோம) காசு மாதிரியே அடிச்சி படிக்கட்டு மேல இருந்த சிலுவையில குறுக்குக் கட்டைய மட்டும் எடுத்துட்டு வெறும் கம்பமா விட்டாங்க, அப்புறம் கலீஃபா வாளோட நிக்கிறாப்ல போட்டாங்க, கடைசியா கலீஃபா அப்துல் மலிக் உருவத்தையே தூக்கிட்டு வெறும் எழுத்தா அடிச்சாரு, தன் பேரைக்கூட போடல. அவ்ளோ பெரிய ஆட்சி கையில இருந்தும் பேரு போடாம விட்டதுதான் எனக்கு மெய்சிலிர்க்குது.

நடுவுல இருந்து ஆரம்பிங்க. ஒரு பக்கம் மூணு வரில கலிமா, இறைவன் ஒருத்தன், அவனுக்கு இணை இல்லன்னு. இன்னொரு பக்கம் குர்ஆன்ல வர்ற குல்ஹுவல்லாஹு சூரா (அத்தியாயம்), ஆனா 'குல்ஹுவ' இல்லாம 'அல்லாஹு அஹத்'னு நேரா ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு பாய்கிட்ட போட்டோவ காட்டினேன், இப்போ அரபி எழுத்துல இருக்கிற புள்ளியே இதுல இல்லியேன்னு ஒரு நிமிஷம் பாத்தாரு, சூராவுல வர்ற 'அஸ்ஸமத்'ங்கற சொல் கண்ணுல பட்டதும் மீதிய பாக்காமலே ஓதிட்டாரு. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் இருந்தா ஓதத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க, கேளுங்க.

வருஷம் சூரா இருக்கிற பக்கத்து ஓரத்துல வட்டமா ஓடும். 'சனத்'னு, வருஷம்னு அர்த்தம், ஒரு சொல் வரும், அதுக்கு அடுத்து ஒண்ணாம் இடம், அப்புறம் பத்தாம் இடம், நூறு தாண்டினா அது கடைசில, எல்லாம் எழுத்துலதான், நம்பர் இருக்காது. ஏமாறுற இடம் ஏழும் ஒன்பதும், புள்ளி இல்லாததால ரெண்டும் நாலு பல்லு வச்ச மாதிரி ஒண்ணாவே தெரியும். சில காசுல ஒரு பல்லு மட்டும் உசரமா இருக்கும், அது முதல் பல்லுன்னா ஒன்பது, நாலாவதுன்னா ஏழு. கிடைச்ச வருஷத்த 0.97ஆல பெருக்கி 622 கூட்டுங்க, 77க்கு கி.பி. 696 வரும்.

இது கைவந்ததும் ஆற்காடு ரூபாய எடுத்துப் பாருங்க. அது வெள்ளி, எழுத்து பாரசீகம். கம்பெனிக்காரன் அடிச்சதுலயும் முகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பேருதான் இருக்கும், அவர் 1759லயே இறந்துட்டாரு.