வாரம் ஒன்றா, தினம் ஒன்றா? எலும்பு முறிவில் சத்து மாத்திரைத் தவறுகள்

மாவுக்கட்டு காய்வதற்குள் வீட்டில் நாலு டப்பா சத்து மாத்திரை சேர்ந்துவிடும். டாக்டர் எழுதியது ஒன்று, மருந்துக்கடைக்காரர் கொடுத்தது ஒன்று, பார்க்க வந்த சித்தப்பா வாங்கி வந்தது ஒன்று, ஏற்கெனவே வீட்டில் இருந்தது ஒன்று. மாத்திரையை மறப்பது, காலாவதித் தேதி பார்க்காமல் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

வாரம் ஒன்றை தினம் ஒன்றாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நம் ஊரில் வழக்கமாக எழுதித் தருவது 60,000 யூனிட் கொலிகால்சிபெரால் (வைட்டமின் டி3), வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். சீட்டில் அது ஆங்கிலத்தில், பாதி புரியாத கையெழுத்தில் இருக்கும். மாத்திரை போட்டுத் தரும் காகிதக் கவரிலோ காலை, மதியம், இரவு என்று மூன்றே கட்டம். வாரத்துக்குக் கட்டமே கிடையாது. கடைப் பையன் பழக்கத்தில் காலைக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் இரண்டு சொல் எழுத டாக்டருக்கும் கை வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு மொத்தம் 4,80,000 யூனிட். தினம் ஒன்றாகப் போட்டால் அது எட்டே நாளில் உள்ளே போய்விடும். அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினால் ஒரு மாதத்தில் 18 லட்சம். 60,000 யூனிட்டின் எடை வெறும் ஒன்றரை மில்லிகிராம் என்பதால் பார்வைக்கு அது ஆபத்தாகவே தெரியாது. மிஞ்சிய வைட்டமின் சி சிறுநீரில் போய்விடும். டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கிவிடும். தங்கி, குடலிலிருந்து கால்சியத்தை அளவு மீறி இழுக்கும்; எலும்பிலிருந்தும் கரைத்து ரத்தத்தில் சேர்க்கும்.

குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வயதானவர்களுக்குப் பேச்சில் குழப்பம். இவைதான் அறிகுறிகள். படுத்தே கிடப்பவருக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் வாழைப்பழம் கொடுப்பார்கள், மாத்திரையும் தொடரும். கடைசியில் வாந்தி தாங்காமல் பரிசோதித்தால் 10.5-க்குள் இருக்க வேண்டிய ரத்தக் கால்சியம் 13-ஐத் தொட்டிருக்கும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருக்கும். அன்றே நிறுத்தினாலும் டி இறங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

இதே தவறு வேறு வேடத்திலும் வரும். ஒரு டாக்டர் 6 லட்சம் யூனிட் ஊசி போட்டிருப்பார், இன்னொருவர் வாராந்திர மாத்திரை எழுதியிருப்பார். கூடவே சாப்பிடும் கால்சியம் மாத்திரையின் அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்' என்றிருக்கும். அதுவும் டிதான், சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டைத் தாண்டி நேரே வேலை செய்யும் வடிவம். மொத்தமாகக் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் தேறும் என்பதும் சரியல்ல. ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கொரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அவர்களிடம்தான் கூடியிருந்தது.

மாத்திரைப் பட்டையை வாங்கியதும் ஒவ்வொரு குழிக்கு மேலும் பேனாவால் தேதி எழுதுங்கள். ஞாயிறு மதியம், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாக உடம்பில் சேரும். மறந்தால் திங்களன்று ஒன்று போதும், அடுத்த வாரம் இரண்டாகப் போட வேண்டாம். எட்டாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

கால்சியத்தை ஒரே வேளையில் கொட்டுவது

1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மி.கி. ஒரு வேளைக்கு அதற்கு மேல் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கு குறைந்துகொண்டே போகும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும், அது கரைய அமிலம் தேவை. வலி மாத்திரையோடு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோலும் ஓடிக்கொண்டிருந்தால் கால்சியம் சிட்ரேட் வடிவத்தைக் கேட்கலாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம், இரும்பு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். நாள் தேவையே 1000 மி.கி. சுமார்தான். அரை லிட்டர் பால் குடிப்பவருக்கு அதில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

பத்தியம் என்று ரசம் சோற்றோடு நிறுத்துவது

முறிந்த இடத்தில் முதலில் புரத வலைதான் கட்டப்படுகிறது, கால்சியம் அதன்மேல்தான் படியும். 60 கிலோ எடைக்குத் தினம் 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். பருப்பு, தயிர், சுண்டல், மீன் எதுவும் இல்லாத தட்டுக்கு மாத்திரை ஈடாகாது. சிறுநீரக நோயாளிகளுக்குக் கணக்கு வேறு.

வைட்டமின் சி எலும்பை ஒட்டும் என்று நம்புவது

மணிக்கட்டு முறிவுக்கு 500 மி.கி., 50 நாள் என்று எழுதுவது எலும்பு சேர அல்ல, பின்னால் வரும் கடும் வலியைத் தடுக்க. 1999-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு பலன் உண்டு என்றது. 2014-ல் எடின்பரோ ஆய்வு இல்லை என்றது.

வைட்டமின் கே2 கலந்த எலும்பு மாத்திரை

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பீடி, சிகரெட்

விடுங்கள்.

எலும்பு சேரவில்லை என்று மாத்திரையைக் கூட்டுவது

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்தால் சேர நான்கு மாதம்கூட ஆகலாம். அதற்கு மேலும் எக்ஸ்ரேயில் இடைவெளி தெரிந்தால் பார்க்க வேண்டியது முறிந்த முனைகள் அசைகின்றனவா, கிருமித்தொற்று உண்டா, அங்கே ரத்த ஓட்டம் எப்படி, சர்க்கரை எவ்வளவு என்பதை. அந்த எக்ஸ்ரேயோடு பழைய எக்ஸ்ரேக்களையும், சாப்பிட்டுவந்த எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.