ஆக்காட்டிக் கூட்டுல முட்டைய எடுத்தது யாரு? கண்டுபிடிக்கிறதும் காப்பாத்துறதும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மாசிக் கடைசியில கும்பப்பூ நெல்லு அறுத்து முடிஞ்சு ஏலா (வயல்வெளி) முழுக்க அரிதாளா (அறுத்த தாளா) கெடக்குற நேரத்துலயே ஆக்காட்டி, அதான் ஆள்காட்டிப் பறவை, தரையில முட்டை போட ஆரம்பிச்சிரும், அது ஏறக்குறைய ஆவணி வரைக்கும் போகும். அந்த மாசங்கள்ல வயலுக்குப் போறவங்க, உப்பளத்துல வேலை பாக்குறவங்க, பறவை பாக்கப் போற பிள்ளைங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "நேத்து நாலு முட்டை இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணையும் காணோம், கீரி தின்னிருக்கும்". கீரிய யாரு பாத்தா? பெரும்பாலும் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எடுத்தது யாருன்னு தெரியாம செய்யுற பாதுகாப்பு அடுத்த கூட்டுக்கு ஒண்ணுக்கும் உதவாது, அதனால முதல்ல தடயத்த எப்படிப் பாக்குறதுன்னு சொல்றேன், அப்புறம் என்ன செய்யலாம்னு பாப்போம்.

தரையில முட்டை போடுறது ஆக்காட்டி மட்டும் இல்ல. சிவப்பு மூக்கு ஆக்காட்டி தண்ணி பக்கத்துல இருக்கும், மஞ்சள் மூக்கு ஆக்காட்டி காஞ்ச விளைகள்ல. தோட்டத்து வேலியோரம் கவுதாரி, புதர் மறைவுல மயில், சருகு கெடக்குற இடத்துல பக்கிங்கிற ராத்திரிப் பறவை. புத்தளம், சாமிதோப்பு உப்பளப் பக்கமும் மணக்குடிப் பொழி (ஆறு கடல்ல சேர்ற இடம்) பக்கமும் போனா நெடுங்கால் உள்ளான், சின்ன உப்புக்கொத்தி மாதிரிப் பறவைகள கவனிக்கணும். தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் கூடு வைக்கிற ஒரு உப்புக்கொத்திய 2023-லதான் ஹனுமான் பிளவர்னு தனி இனமா பிரிச்சாங்க, அவ்வளவு சின்னப் பறவை வெறும் மணல்ல ஒரு குழி பறிச்சு முட்டை போட்டுட்டு உக்காந்திருக்கும். இந்த எழுத்துல நான் அதிகமா ஆக்காட்டியத்தான் சொல்லப் போறேன், ஏன்னா நம்ம கண்ணுல முதல்ல படுறது அதுதான், ஆனா முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

குழி காலியா இருந்தா உடனே திருட்டுன்னு முடிவு பண்ணாதீங்க. குஞ்சு பொரிஞ்சு போயிருக்கலாம். ஆக்காட்டி அடைகாக்குறது ஏறத்தாழ 28 லிருந்து 30 நாள், நாலு முட்டையும் கூர்முனை உள்பக்கமா பாத்து இருக்கும், பொரிஞ்ச சில மணி நேரத்துலயே குஞ்சுங்க எழும்பி நடந்துரும், கூட்டுல தங்காது. பெரிய ஓட்ட தாயும் தகப்பனும் தூக்கிட்டுப் போய் தூரமா போட்டுரும். ஆனா குழிக்குள்ள கல்லுக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் நடுவுல கடுகளவு ஓட்டுச் சில்லு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது இருந்தா நல்ல செய்தி. சில்லு இல்ல, மஞ்சக்கரு காஞ்ச பிசுபிசுப்பு இருக்கு, இல்லன்னா நாள் கணக்கே பத்தலன்னா அப்போ சந்தேகப்படலாம். இன்னொண்ணு, நீங்க கிட்டப் போகும்போது பெரிய பறவை இரண்டும் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்திட்டே இருந்தா, சிறகு ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு உங்கள வேற பக்கம் கூட்டிட்டுப் போகப் பாத்தா, குஞ்சு அங்கதான் எங்கயோ தரையோட தரையா பதுங்கிக் கெடக்கு, அடுத்த அடி வைக்காம வந்த வழியப் பாத்துத் திரும்பிருங்க.

அடுத்தது நேரம். இதுதான் ரொம்ப முக்கியமான துப்பு, ஆனா யாரும் எழுதி வைக்கிறது இல்ல. பொழுது அடையுற நேரத்துல தூரத்துல வரப்புல நின்னு பைனாகுலர்ல பாருங்க, பறவை உக்காந்திருந்தா முட்டை இருக்குன்னு அர்த்தம், கிட்டப் போக வேண்டிய தேவையே இல்ல. விடிஞ்சதும் அதே இடத்துல இருந்து மறுபடி பாருங்க. ராத்திரியில காணாமப் போச்சுன்னா காக்காய கணக்குல இருந்து எடுத்துறலாம், உடும்பையும் எடுத்துறலாம், ரெண்டுமே பகல்ல நடமாடுறது, கீரியும் பெரும்பாலும் பகல்தான். ராத்திரின்னா நாய், பூனை, புனுகுப் பூனை, பெருச்சாளி, பாம்பு. பகல்ல போச்சுன்னா காக்கா, கீரி, உடும்பு மூணையும் பட்டியல்ல சேத்துக்கணும். இந்த ஒரு தேதியும் நேரமும் நோட்டுல இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

இப்போ ஒவ்வொருத்தரா வருவோம்.

காக்கா. என் கணிப்புல நம்ம பக்கம் ஊரொட்டி இருக்குற வயல்கள்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதத்தான், கீரிய இல்ல. ஊர்க்காக்காயும் செய்யும், அண்டங்காக்காயும் செய்யும், ரெண்டும் சேந்து வந்தா ஒண்ணு ஆக்காட்டிய வம்புக்கு இழுக்கும், அது துரத்திட்டுப் போற நேரத்துல இன்னொண்ணு குழியில எறங்கிரும். சின்ன முட்டைன்னா அலகுல கவ்வித் தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வச்சுத் தின்னும், அதனால கூட்டுல ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அங்கேயே தின்னா பக்கவாட்டுல ஒழுங்கில்லாத ஓட்டை, ஓட்டோட ஓரம் உள்பக்கமா நொறுங்கி இருக்கும், குழி கலையாம இருக்கும். வரப்புலயும் மின்கம்பத்துக்கு அடியிலயும் ஓடு கெடக்குதான்னு தேடிப் பாருங்க, காக்கா ஒரே இடத்துல உக்காந்து தின்னும் பழக்கம் உள்ளது. கடலோரம்னா செம்பருந்தையும் மறக்கக் கூடாது, அது முட்டைய விடக் குஞ்சத்தான் குறி வைக்கும்.

கீரி முட்டைய முன்னங்காலால பிடிச்சு ஒரு முனையக் கடிச்சு ஓட்டை போட்டு உள்ள இருக்குறத நக்கும். அதனால ஓடு பாதிக்கு மேல முழுசா கெடக்கும், முனையில பல்லு பட்ட தடம் இருக்கும், பெரும்பாலும் பக்கத்துப் புதர் ஓரத்துலயோ தாழம்பூ மூட்டுலயோ கெடைக்கும். உடும்பும் பாம்பும் அப்படியே முழுங்குறது, ஓடு கெடைக்காது, குழியும் கலையாது. ரெண்டையும் பிரிக்கிறது தரையிலதான் தெரியும், உடும்பு நடந்தா ரெண்டு பக்கமும் நீள விரல், நகத் தடம், நடுவுல வால் இழுத்த கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். பாம்புன்னா வெறும் வழவழப்பான பட்டை. சாரையும் நல்ல பாம்பும் எலி தேடி வயலுக்கு வர்றதுங்க, வழியில முட்டை கெடச்சா விடாது.

நாய் போன இடம் பாத்த உடனே தெரிஞ்சிரும், குழி கலைஞ்சு, கல்லு செதறி, ஓடு நசுங்கி, நாலு விரலும் நகமும் பதிஞ்ச தடம் சுத்தி நெறைய இருக்கும். பூனைத் தடம் வட்டமா இருக்கும், நகம் பதியாது. மாடு மிதிச்சதையும் நாய் தின்னதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, மாடுன்னா குளம்புத் தடம், முட்டை அங்கேயே அமுங்கி மஞ்சக்கரு மண்ணுல ஊறி எறும்பு மொய்ச்சிட்டு இருக்கும். மேயுற மாடு கிட்ட வந்தா ஆக்காட்டி ஓடாது, சிறக விரிச்சு முகத்துக்கு நேரா நிக்கும், அதப் பாத்தவங்களுக்கு அந்தச் சின்ன உடம்புல எவ்வளவு தைரியம்னு தெரியும். கடற்கரை மணல்னா வளை தோண்டி ஓடுற நண்டையும் சேத்துக்கோங்க, சின்ன உப்புக்கொத்தி முட்டைக்கும் குஞ்சுக்கும் அதுவும் எதிரிதான்.

தடம் கெடைக்காத தரையா இருந்தா ஒரு வேலை செய்யலாம். சாயங்காலம் கூட்டுல இருந்து நல்லா தள்ளி, விலங்கு வரக்கூடிய வரப்பு, வாய்க்கால் ஓரம், வேலி இடுக்கு இந்த மாதிரி ரெண்டு மூணு இடத்துல நைஸான மணல ஒரு முறம் அளவுக்குத் தூவி, தென்ன ஈக்கிலால சமமா இழுத்து விடுங்க. காலையில போய்ப் பாத்தா யாரு நடந்தாங்கன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கும். கூட்டைச் சுத்தி மட்டும் இதச் செய்யாதீங்க, நீங்க நடந்து போன வாசனையும் மடிஞ்ச புல்லும்தான் அங்க போக வழி காட்டும். கேமரா ட்ராப் (விலங்கு கடந்தா தானா படம் எடுக்குற கேமரா) வைக்கணும்னு ஆசை இருந்தா வனத்துறைகிட்ட கேட்டுட்டு வைங்க, சுசீந்திரம் தேரூர் மணக்குடி கன்சர்வேஷன் ரிசர்வ்குள்ள இதுல சலுகை எதிர்பாக்காதீங்க. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ரெண்டு ஈரநிலமும் 2022-ல ராம்சார்ங்கிற உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலப் பட்டியல்ல சேந்தது, அங்க ஒவ்வொரு கூடும் நம்ம பொறுப்புதான்.

சரி, காப்பாத்துறது எப்படி.

முதல்ல நம்ம காலடி. கூட்டுக்கு நேரா போயிட்டு நேரா திரும்புனா முட்டுச்சந்து மாதிரி ஒரு தடம் விழும், நாயும் கீரியும் அதப் பிடிச்சு வரும், காக்கா மேல இருந்து பாத்துட்டே இருக்கும். போகணும்னா நிக்காம கடந்து அடுத்த வரப்புக்குப் போயிருங்க. காலை பத்து மணிக்கு மேல சாயங்காலம் நாலு வரைக்கும் அந்தப் பக்கமே வேண்டாம், சித்திரை வெயில்ல தாய்ப் பறவை எழும்பிட்டா முட்டை வெந்துரும், அது வயித்துச் சிறக தண்ணில நனைச்சுட்டு வந்து முட்டைய குளிர வைக்கிறதே அந்த வெயிலுக்காகத்தான். கம்பு நட்டுத் துணி கட்டி அடையாளம் வைக்காதீங்க, காக்காய்க்கு உக்காந்து பாக்க இடம் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். அடையாளம் வேணும்னா பத்து மீட்டர் தள்ளி ஒரு கல்லு போதும். போட்டோவ லொகேஷனோட வாட்ஸ்அப்புல, இன்ஸ்டாவுல போடாதீங்க, இத நான் கெஞ்சியே கேக்குறேன்.

காக்காயும் நாயும் அங்க கூட்டமா இருக்குறதுக்குக் காரணம் முட்டை இல்ல, கோழிக்கடைக் கழிவும் மீன் கழிவும். குளத்தங்கரையிலயும் வாய்க்கால் ஓரத்துலயும் சாக்கு சாக்கா கொட்டிட்டுப் போறாங்க, அதுக்காக வந்த கூட்டம் பக்கத்து வயல்ல சும்மா இருக்குமா. கூட்டுக்கு வேலி போடுறத விட அந்தச் சாக்க நிறுத்துறது நூறு மடங்கு பலன் தரும், ஊராட்சியில எழுதிக் குடுங்க, கடைக்காரங்ககிட்ட நேர்ல பேசுங்க, கழிவக் குழியில போட்டு மூடச் சொல்லுங்க, அண்ணாச்சின்னு மரியாதையா சொன்னா கேக்குறவங்க நெறைய பேரு இருக்காங்க. வீட்டு நாய விடியக்காலம் அவுத்து விடுற பழக்கம் உள்ளவங்ககிட்ட அந்த ஒரு மாசம் மட்டும் கட்டிப் போடச் சொல்லிப் பாருங்க.

அடுத்த போகமான கன்னிப்பூ நெல்லுக்கு டிராக்டர் எறங்கும்போது ஓட்டுறவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும். சுத்தி ஒரு சின்ன வட்டம் மட்டும் உழாம விட்டா அது கறுத்த சேத்துக்கு நடுவுல தனியா தெரியும், காக்கா நேரா அங்கதான் எறங்கும். அதனால வரப்போட சேத்து நீளமா ஒரு பட்டையா விடச் சொல்லுங்க, அரிதாள் அப்படியே இருக்கட்டும். ஒத்துக்கிடாத வயல்காரரு இருந்தா சண்டை வேண்டாம், அவருக்கும் தண்ணி வர்ற முறை இருக்கு. முட்டை போனாலும் ஆக்காட்டி அதே பக்கத்துல மறுபடி போட முயற்சி பண்ணும், அப்போ எடுத்தது யாருன்னு உங்க நோட்டுல இருக்கும். மொட்டை மாடியில கூடு வச்சிருந்தா வீட்டுக்காரங்க கொஞ்ச நாள் துணி காயப் போடுறத வேற இடத்துக்கு மாத்திக்கோங்க, தண்ணித் தொட்டிக்கு மேல காக்கா உக்காராம பாத்துக்கோங்க, பொரியுற நாள் கீழ பூனையக் கட்டுப்படுத்துங்க, குஞ்சு குதிச்சுத்தான் எறங்கும்.

கம்பிக் கூண்டு போட்டு மூடலாமான்னு கேப்பீங்க. வெளிநாட்டுல சில உப்புக்கொத்திகளுக்குப் பறவை நுழையுற அளவு இடைவெளி விட்ட கம்பிக் கூண்டு போடுறாங்க, ஆனா அங்கயே சில இடத்துல கூண்டப் பாத்து வேட்டையாடுறது பழகிட்டு அடைகாக்குற பெரிய பறவையவே பிடிச்சிருக்கு. நம்மளா செய்யுற வேலை இல்ல அது. விஷம் வைக்கிறது, கண்ணி வைக்கிறது நெனைக்கவே கூடாது, கீரி, உடும்பு எல்லாம் 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்றது, அது போக அந்த வயல்ல எலியப் பிடிக்கிறது அதுங்கதான். முட்டைய எடுத்து வீட்டுக் கோழிக்கு அடியில வைக்கிறதும் வேண்டாம்.

குஞ்சு வெளிய வந்ததுக்கு அப்புறம் பறக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும், ஆபத்து அப்போதான் கூடுதல். தனியா கெடக்குன்னு தூக்கிட்டு வந்துராதீங்க, நீங்க நகர்ந்த உடனே தாய் கூப்பிடும். ரோட்டுல இருந்தா மட்டும் ஓரமா, தாய் கத்துற பக்கம் எறக்கி விட்டுட்டு விலகிப் போங்க. காயம்பட்டிருந்தா காத்து போற அட்டைப் பெட்டியில துணி விரிச்சு வச்சு, தண்ணி வாயில ஊத்தாம, நாகர்கோவில்ல இருக்குற மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிருங்க.