வெள்ளம் அரித்த நீலகிரிச் சரிவைச் சீர்படுத்தும் முறை

மண்ணரிப்புக்குச் சமவெளியில் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம், குழி வெட்டி மழைநீரை ஊறவிடுவது. சரிந்த மலையில் அதையே செய்தால் மிச்சமிருக்கும் மண்ணும் அடுத்த மழையில் இறங்கிவிடும். நீலகிரியில் பல சரிவுகளில் பாறைக்கு மேல் செம்மண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. நீரைக் குடித்துக் கனத்ததும் அது வழுக்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளில் 40-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவுகள் அடைமழைக்குப் பின் வந்தவை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த அளவை எந்தக் குழியும் வாங்காது. சரிந்த முகத்துக்குள் நீர் புகாமல் தடுக்க வேண்டும். ஓடையில் இறங்கும் நீரின் வேகத்தை உடைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கல் வேலை, மண் வேலை எல்லாம் ஜனவரி முதல் மே வரை. நடவு, ஜூன் மழை தொடங்கியதும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருவதால், அதற்குள் புல் வேர்பிடிக்க நான்கு மாதம் கிடைக்கும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் சரிவின் அடியைத் தோண்டாதீர்கள், மேல் மண்ணைத் தாங்கி நிற்பதே அந்த அடிதான்.

வேலை உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். சரிவின் தலைக்கு மேலே பிறை வடிவில் வெடிப்பு ஓடியிருக்கும். அதைக் களிமண்ணால் 15 செ.மீ. அடுக்குகளாக நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். வெடிப்புக்கு 3 முதல் 5 மீட்டர் மேலே, குறுக்காக ஒரு வடிகால் வெட்ட வேண்டும்: அடி அகலம் 40 செ.மீ., ஆழம் 45 செ.மீ., வெட்டிய மண் பள்ளப் பக்கம் கரையாக. வாட்டம், அதாவது இறக்கம், 100 மீட்டருக்கு 50 செ.மீ. முதல் 1 மீட்டர். வாட்டம் குறைந்தால் நீர் தேங்கி உள்ளே இறங்கும், கூடினால் வடிகாலே ஓடையாகிவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் இதற்குப் போதும். டியூபில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் பொய்யாகும் என்பதால், நீர் நிரப்பியதும் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். வடிகாலின் வாய் பாறையிலோ, புல் மூடிய இயற்கை ஓடையிலோ முடிய வேண்டும். வெறும் மண்ணில் விட்டால் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் புதுப் பள்ளம் ஒன்றைப் பரிசளித்ததாகும்.

அடுத்தது ஓடைக்குள் கல் தடுப்பணைகள். உயரமாக ஒன்று கட்டுவதைவிடத் தாழ்வாகப் பத்துக் கட்டுவது நல்லது. நடுவில் 75 செ.மீ. உயரம் போதும், 1 மீட்டரைத் தாண்ட வேண்டாம். இடைவெளிக்குக் கணக்கு எளிது: கீழணையின் கலங்கல் (நீர் வழியும் தாழ்ந்த நடுப்பகுதி) மட்டமும் மேலணையின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடை 10 மீட்டரில் 2 மீட்டர் இறங்கினால் சரிவு 20 சதவீதம். 0.75-ஐ 0.20-ஆல் வகுத்தால் 3.75 மீட்டருக்கு ஓர் அணை. இதைவிடத் தள்ளிக் கட்டினால் இரண்டுக்கும் நடுவே ஓடையின் அடி மறுபடி அரிக்கும்.

அடித்தளம் 30 செ.மீ. ஆழம். இரு கரைகளுக்குள்ளும் 50 செ.மீ. குடைந்து கல்லைச் செருகுங்கள். மேல் அகலம் 50 செ.மீ.; மேல்புறச் சாய்வு (உயரம்:கிடை) 1:1, கீழ்புறம் 1:2. நடுப்பகுதியைவிட இரு தோள்களும் 30 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், அந்தத் தாழ்வுதான் கலங்கல். கலங்கலிலிருந்து விழும் நீர் குழி பறிக்காமல் இருக்க, கீழே 1.1 மீட்டர் நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும். 3 மீட்டர் அகலமுள்ள ‘வி’ வடிவ ஓடைக்கு இப்படி ஓர் அணை கட்ட ஏறத்தாழ 3.5 கன மீட்டர் கல் பிடிக்கும், அதாவது ஒன்றேகால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). முனையுள்ள உடைகல்லையே வாங்குங்கள். ஆற்று உருண்டைக்கல் உருண்டுவிடும். பெரிய கற்கள் கீழ்புற முகத்திலும் கலங்கலிலும், சின்னவை உள்ளே. சந்துகளை மண்ணால் அடைக்கக் கூடாது, முதல் வெள்ளமே அதைக் கரைத்துக் கல்லைத் தளர்த்திவிடும்.

இடிந்த அணைகளைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: கலங்கல் இல்லாததால் நீர் பக்கவாட்டில் கரையை அறுத்துப் போயிருக்கும், கீழே கல் பரப்பாததால் அடி குழிந்து அணை குப்புறக் கவிழ்ந்திருக்கும், கரைக்குள் செருகாமல் ஒட்டவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஓடைச் சரிவு 25 சதவீதத்தைத் தாண்டினால் தளர்கல் (சாந்தில்லாமல் அடுக்கிய கல்) நிற்காது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலைப்பெட்டிக்குள் கல் அடுக்கிக் கட்டும் கேபியன்தான் வழி; கல் வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பிளாஸ்டிக் மணல் மூட்டை அடுக்குவார்கள். வெயிலில் நைந்து, உள்ளே இருந்த மண்ணும் ஓடைக்கே போய்ச் சேரும்.

மொட்டையாக நிற்கும் முகத்துக்குத் தென்னை நார் வலை. உச்சியில் 30 செ.மீ. ஆழப் பள்ளம் எடுத்து வலையின் முனையைப் புதைத்து, கீழ்நோக்கி விரியுங்கள். மேல் விரிப்பு கீழ் விரிப்பின் மீது 15 செ.மீ. படிய வேண்டும். மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடியுங்கள். இழுத்துக் கட்டாமல் மண்ணோடு ஒட்டவிடுங்கள். அடியில் இடைவெளி இருந்தால் நீர் அங்கே ரகசியமாக வாய்க்கால் வெட்டும். வலை இரண்டு மூன்று ஆண்டில் மக்கும். அதற்குள் புல் மூடியிருக்க வேண்டும்.

புல்லுக்கு வெட்டிவேர். இலையை 20 செ.மீ., வேரை 8 செ.மீ. அளவுக்கு நறுக்கி, குத்துக்கு 2–3 தூர் வீதம் 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். 100 மீட்டர் வரிசைக்கு சுமார் 670 குத்து. வரிசை சம உயரத்தில் ஓட வேண்டும். வரிசைக்கு வரிசை 1 முதல் 1.5 மீட்டர் இறக்கம். ஒரு குத்து செத்தாலும் அந்த ஓட்டையில் நீர் கூடிப் பாயும், ஒரு மாதத்துக்குள் அங்கே வேறு குத்து நட்டு நிரப்புங்கள். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளிலும் மர நிழலிலும் வெட்டிவேர் நன்றாக வளராது. அங்கே பக்கத்துப் புல்வெளியிலிருந்து உள்ளூர்ப் புல்லை, உரிமையாளரின் அனுமதியோடு, வேர் மண்ணோடு கட்டியாகப் பெயர்த்து நடலாம்.

மரம் இரண்டாம் ஆண்டுதான். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வேண்டாம், ஓடையோரத்தில் சோலைக்காட்டு நாவல் வகைகளை வையுங்கள். சரிவின் தலை விளிம்பில் எந்தப் பெருமரமும் கூடாது. அதன் கனமும் காற்றில் ஆடும் ஆட்டமும் வெடிப்பை மறுபடி திறக்கும்.

முதல் பெருமழை விட்ட மறுநாள், உச்சி வடிகாலில் தொடங்கிக் கீழே நடந்து பாருங்கள். அடைந்த இலைதழையை வாருங்கள், நகர்ந்த கலங்கல் கல்லை அன்றே திரும்ப வையுங்கள். வெடிப்பு புதிதாகத் தெரிந்தாலோ, சரிவின் அடியில் கலங்கிய ஊற்று கிளம்பினாலோ, வேலையை நிறுத்திக் கீழே உள்ள வீட்டாரை முதலில் வெளியேறச் சொல்லுங்கள்.