92 பெற்றோலுக்கு ஹை ஒக்டேன் ஃபைல்: காருக்குப் பவர் கூட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் இலங்கையில் கார் இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தபோது விலையைக் கேட்டுப் பலர் வந்த வழியே போய்விட்டார்கள். இந்த இடைவெளியில் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு பழக்கம் நன்றாக ஊறிவிட்டது. வேறு கார் வாங்க ஏலாது, ஆகவே இருக்கிற காரையே வேறு காராக்கிப் பார்ப்போம். கராஜுக்கு வரும் பெடியன்கள் கேட்பதெல்லாம் அந்த வயதில் நாங்கள் கேட்டதுதான். செய்யும் பிழைகளும் அதேதான், வரிசைகூட மாறவில்லை.

பவர் கூட்டுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. என் சோற்றில் கொஞ்சம் அந்த வேலையிலிருந்தும் வருகிறது. ஆனால் அதனால் வரும் நட்டத்தைச் சாமான் விற்கிறவர் சொல்ல மாட்டார். ஒயிலை நேரத்துக்கு மாற்று, தேய்ந்த டயரில் ஓடாதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை தெரியாதவர் இதை வாசிக்கவும் மாட்டார்.

பொனட்டுக்குள் கூம்பு ஃபில்டர்

கம்பனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டுவதுதான் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் வேலை. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியைச் சும்மா வைக்கவில்லை. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும் குழாய் அதில்தான் இருக்கிறது. அது போனால் எஞ்சின் ரேடியேற்றருக்குப் பின்னால் தேங்கி நிற்கும் சூட்டைத்தான் உறிஞ்சும். 30 பாகைக் காற்று 60 பாகைக்குச் சூடானால் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு 9 குறையும். காற்றுக் குறைந்தால் எரிவதும் குறையும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காத்தான்குடி நெரிசலில் நின்று புறப்படும்போது வித்தியாசம் காலிலேயே தெரியும். மிதித்த பிறகும் கார் யோசித்து யோசித்துத்தான் போகும்.

இதை விளங்கிக்கொண்ட சிலர் குழாயைக் கீழே பம்பருக்குப் பின்னால் இறக்குகிறார்கள். காற்று குளிர்ந்ததுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்கழியில் படுவான்கரை ரோட்டை வெள்ளம் மேவும்போது அதே குழாய் தண்ணீரையும் உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டனுக்கு மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தண்ணீருக்குள் நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிப்பது அந்த வளைவை இன்னும் பெரிதாக்கும்.

பெற்றோலைக் கேட்காமல் ஏற்றும் ஃபைல்

இதைத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை பேருக்குச் சொன்னாலும், கொஞ்ச நாளில் இன்னொருவர் அதே மாதிரி உடைந்த எஞ்சினோடு வந்து நிற்கிறார்.

யப்பானிலிருந்து வந்த 660 சிசி டேர்போ கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக்கு 64 குதிரைவலுதான் உச்சம் என்று அங்கே கம்பனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. ஆகவே "எஞ்சினுக்குள்ள இன்னும் மிச்சம் கிடக்கு" என்று பெடியன்கள் சொல்வது பொய்யில்லை. காரின் கணினியில் வேறொரு ஃபைலை ஏற்றி, டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டி, ப்ளக்கில் பொறி விழும் நேரத்தையும் சற்று முந்த வைத்தால் பவர் கூடத்தான் செய்யும். அது முதல் நாளே தெரியும். ஆசை பிடிப்பதும் அந்த முதல் நாளில்தான்.

அந்த ஃபைலை எழுதியவர் எந்தப் பெற்றோலை மனதில் வைத்து எழுதினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. யப்பானில் ஹை ஒக்டேன் என்று விற்பதன் ஒக்டேன் எண் 96க்குக் குறையக் கூடாது. சாதாரணப் பெற்றோலுக்கு 89 இருந்தால் போதும். இந்தச் சின்னக் கார்களைக் கம்பனி அந்தச் சாதாரணப் பெற்றோலுக்குத்தான் செய்தது, ஆகவே எங்கள் 92 அவற்றுக்குத் தாராளம். பவர் ஃபைல்களில் பல ஹை ஒக்டேனை நம்பி எழுதியவை. எங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதோ 92உம் 95உம். 95 எல்லா ஷெட்டிலும் இல்லை. கல்முனையில் 95 நிரப்பிக்கொண்டு புறப்படுகிறவரும் திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் பக்கம் போனால், கிடைத்ததை அடித்துக்கொண்டுதான் வருவார்.

ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் இல்லை. அமுக்கமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு பொறுத்து நிற்கும் என்ற கணக்கு அது. (கம்பனி நிலையில் இருக்கும் சாதாரணக் காருக்கு 95 அடித்துவிட்டு "இழுவை கூடிட்டுது" என்பவர்களுக்கும் இதுதான் பதில்.) ப்ளக் பொறியிலிருந்து நெருப்பு பரவி வரும்போது, சிலிண்டரின் ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை அமுங்கிச் சூடாகிறது. அந்தக் கலவையால் பொறுக்க முடியாவிட்டால் நெருப்பு வந்து சேரும் முன்பே மொத்தமாகப் பற்றிவிடும். அழுத்தம் ஒரே அடியாக ஏறிப் பிஸ்டனில் விழும். இதுதான் நொக்கிங். காதுக்கு மெல்லிய டிக்டிக் என்றுதான் கேட்கும். பாட்டுச் சத்தம் கூட இருந்தால் அதுவும் கேட்காது.

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கொழும்பில் ஃபைல் ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே 95இல் ஓடிப் பார்த்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை. ஊருக்கு வந்ததும் 92. மறுகா வீட்டுக்காரர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, அம்பாறை, மகாஓயா, மகியங்கனையால் கண்டிக்கு ஒரு பயணம். பதினெட்டு வளைவு ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல், குறைந்த சுற்றில் முழுதாக மிதித்தே ஏறியிருக்கிறார். பாரம், சூடு, குறைந்த சுற்று, கூட்டிய அழுத்தம் நான்கும் ஒரே இடத்தில். டிக்டிக் கேட்டிருக்கிறது. "அது டப்பெட் சத்தம்" (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) என்று யாரோ சொல்ல, திரும்பி வந்து தடித்த ஒயிலை ஊற்றியிருக்கிறார்.

என்னிடம் வந்தபோது ஒயில் குச்சியை இழுத்தால் அந்தத் துவாரத்தால் புகை வந்தது. கொம்பிரஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்த்தேன். மூன்று சிலிண்டரில் ஒன்று செத்துக் கிடந்தது. கழற்றிப் பார்த்தால், பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கும் நடுவே வயல் வரம்பு மாதிரி ஓடும் அந்த மெல்லிய பகுதி உடைந்திருந்தது. உடைந்த துண்டு சிலிண்டர் சுவரையும் கீறியிருந்தது.

"அண்ணன், நொக் சென்சர் இருக்குதானே? அது பாத்துக்கொள்ளாதா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான், ஏனென்றால் ஃபைல் விற்கிறவர் சொல்லிக் கொடுத்த பதில் இது. நொக் சென்சர் வரப்போவதைத் தடுப்பதில்லை. நொக்கிங் நடந்த பிறகு அதைக் கேட்டு, பொறியைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பவர் விழக் கூடாது என்று அந்த எல்லையையே சுருக்கி வைத்த ஃபைல்களும் இருக்கின்றன. சரி, சென்சர் ஒழுங்காகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 92இல் அது ஓயாமல் பொறியைப் பிந்த வைத்துக்கொண்டே இருக்கும். பிந்தி எரிந்தால் இழுவை குறையும், சூடு புகைக் குழாய்க்கும் டேர்போவுக்கும் போகும். காசு கொடுத்து ஏற்றிய ஃபைல், கம்பனி விட்ட நிலையை விடக் குறைந்த இழுவையைத் தந்த கார்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 92க்கு எழுதிய ஃபைலைக் கேளுங்கள். ஏற்றிய பிறகு ஸ்கேனரை மாட்டி, நடுப்பகல் வெயிலில், ஆள் நிறைய ஏற்றி, ஏசி போட்டு ஓடிப் பாருங்கள். பொறி எத்தனை பாகை பின்னுக்குப் போகிறது என்று திரையிலேயே தெரியும். மிதிக்கும் போதெல்லாம் பின்னுக்குப் போனால் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றுங்கள். பழையதைச் சேமித்து வைக்காமல் புதியதை ஏற்றுகிறவரிடம் காரைக் கொடுக்கவே வேண்டாம்.

டேர்போ இல்லாத எஞ்சினுக்குப் பிறகு டேர்போ பூட்டுவது இதைவிட மோசம். விட்ஸ், கொரோலாக்களில் வந்த 1என்இசட் எஞ்சினின் அமுக்க விகிதம் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) முதலே 10.5. அதற்கு மேல் காற்றைத் தள்ளி 92 அடித்தால் என்ன நடக்கும் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

சைலன்சர்

சத்தம் கூடினால் பவர் கூடினது என்று அர்த்தம் இல்லை. பொலிஸ் மறிப்பது மட்டும் கூடும்.

பெரிய ரிம், வெட்டிய ஸ்பிரிங்

175/65 ஆர்14 டயர் இருந்த காருக்கு 195/55 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் நூற்றுக்கு 6 அளவில் கூடுகிறது. மீற்றர் 70 காட்டும்போது கார் உண்மையில் 74, 75இல் போகும். 70 எல்லையுள்ள ரோட்டில் பொலிஸ் அளப்பது உங்கள் மீற்றரை இல்லை. கியர் விகிதமும் நீண்டதுபோல் ஆகிவிடும். ரிம்மின் பாரமும் சேரும். பவர் கூட்டச் செலவழித்ததில் ஒரு பங்கு இங்கேயே போகிறது.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது வேறு கதை. வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவதோடு இறுகவும் செய்யும். ஷொக் அப்சோபரோ பழைய ஸ்பிரிங்குக்குச் செய்தது. குழியில் விழும்போது அது அடிவரை போய் முட்டும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இறக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்பிரிங்கும் ஷொக்கும் சோடியாக வாங்குங்கள். உட்பக்க ரோட்டுகளுக்கு எதற்காக இறக்க வேண்டும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிரேக் கடைசியில்

பவர் முதல், பிரேக் பிறகு என்று வரிசை வைப்பவர்கள் பதினெட்டு வளைவில் இறங்கும்போது வரிசையை மாற்றிக்கொள்வார்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தத் தர எல்லை 140. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். பவருக்குக் கை வைக்கும் முன் ஒயிலை டொட் 4க்கு மாற்றி, பேடையும் டிஸ்க்கையும் பாருங்கள். பெரிய செலவில்லை.

சிவிடி கியர்

சிவிடி என்பது பல்லுச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பெல்ட்டால் ஓடும் ஒட்டோ கியர். கம்பனி கணக்குப் போட்ட இழுவைக்குத்தான் அதன் பெல்ட் தாங்கும். கூட்டாதீர்கள்.

காப்புறுதியும் புத்தகமும்

மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், மோதிய பிறகு வரும் மதிப்பீட்டாளர் முதலில் கை வைப்பது அதில்தான். முழுக் காப்புறுதி கட்டியும் நட்டஈடு மறுக்கப்படலாம். எஞ்சினையே மாற்றினால் புது இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும், அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வேலை. இறக்குமதிக் கடிதம் இல்லாத எஞ்சினை மலிவு என்று வாங்கியவர் காரை விற்கப் போகும்போது மாட்டிக்கொள்வார். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டரை வெட்டி எடுத்தவருக்கு வருடாந்தப் புகைப் பரிசோதனை வரும் மாதத்தில்தான் அதன் ஞாபகம் வரும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் கொம்பிரஷன் பார்த்து, ப்ளக், கோயில், எஞ்சின் மவுண்ட், முன் புஷ்கள் சரியா என்று பாருங்கள். பழைய கார் தொலைத்த இழுவையில் பாதி இவற்றிலேயே திரும்பி வருவதுண்டு. கொம்பிரஷன் இல்லாத எஞ்சினுக்கு ஃபைல் ஏற்றித் தரச் சொன்னால் நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். வேறு கராஜில் ஏற்றித் தருவார்கள்.